பாம்பனில் கூண்டு ஏறினால் வீட்டில் என்ன நடக்கும்?

2016 ஜனவரி 23, சனிக்கிழமை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பெரிய பனிப்புயல். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் மட்டும் சுமார் 70 செ.மீ. பனி விழுந்தது. நியூஜெர்சியில் இருக்கும் தம்பி, வாசலில் நிறுத்தியிருந்த காரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். படத்தில் காரைக் காணோம். வெள்ளையாக ஒரு மேடுதான் இருந்தது. மண்டபத்து வீட்டில் அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "உப்பளத்துல அம்பாரம் குவிச்ச மாதிரியில்ல இருக்கு" என்றார். கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"கதவத் தொறக்க முடியலம்மா. பஸ்ஸு, ரயிலு எல்லாத்தையும் நிப்பாட்டிட்டாங்க."

"கரண்டு இருக்காய்யா?"

"இருக்கு."

"தண்ணி?"

"கொழாயில வருது."

"அரிசி?"

"ஒரு மூட்டை கெடக்கும்மா."

"அப்புறம் என்னய்யா, போத்திக்கிட்டுத் தூங்கு."

அவ்வளவுதான், போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு அந்த மூன்று கேள்விகள் மனசிலேயே நின்றுவிட்டன. புயல்நாளில் வீட்டுக்குள் மாட்டிக்கொள்வது என்றால் என்ன என்பதை எங்கள் கரைக்காரர்கள் இப்படித்தான் அளக்கிறார்கள். காற்று எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று அம்மா கேட்கவே இல்லை. நாலாவதாக ஒரு கேள்வி உண்டு. மாதச் சம்பளக்காரனிடம் அதைக் கேட்கத் தேவையில்லை என்பதால் விட்டுவிட்டார். அதற்குப் பின்னால் வருகிறேன்.

அந்த மாதிரிப் பனிப்புயலை அந்த ஊரில் 'நார்ஈஸ்டர்' என்பார்கள். வடகிழக்கிலிருந்து காற்று அடிப்பதால் வந்த பெயர். ஐப்பசி, கார்த்திகையில் நாம் வாடை என்று சொல்வதும் கிட்டத்தட்ட அதே திசைக் காற்றுதான். பூமியின் வடபாதியில் தாழ்வழுத்தத்தைச் சுற்றிக் காற்று இடப்பக்கமாகச் சுழலும், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். அதனால் கிழக்குக் கரைக்கு வெளியே கடலில் ஒரு சுழல் நின்றால், கரையில் இருப்பவனுக்கு வடக்கு, வடகிழக்கிலிருந்துதான் காற்று வரும். நியூஜெர்சியானாலும் சரி, மண்டபமானாலும் சரி. ஆனால் வண்டியை ஓட்டும் எரிபொருள் வேறு. அவர்கள் புயல், வடக்கே இருக்கும் உறைகுளிர்க் காற்றுக்கும் தெற்கே இருக்கும் வெதுவெதுப்பான கடற்காற்றுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் வளர்வது. நம் புயல் வெதுவெதுப்பான கடல்நீரின் ஆவியைக் குடித்து வளர்வது. குளிர்காலத்தில் நம் கரையில் உறைபனிக்கு வழியில்லை. வரவேண்டிய தண்ணீர் தண்ணீராகவே வந்துவிடுகிறது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு செ.மீ. மழைக்குச் சுமார் 10 செ.மீ. பனி என்பது வானிலைக்காரர்களின் தோராயக் கணக்கு. 2024 நவம்பர் 20-ம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ-க்கு மேல் மழை கொட்டியது. அது பனியாக விழுந்திருந்தால் ஏறக்குறைய 4 மீட்டர். ஓட்டுவீட்டுக் கூரை மூழ்கியிருக்கும். நம்மூரில் யாரும் அதைப் 'பெரும்புயல்' என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அன்றைக்குப் புயலே இல்லை.

புயல் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் இது விளங்கும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் காற்று மணிக்கு 31 கி.மீ. தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் புயல். அதற்குத்தான் பெயர், அதற்குத்தான் தொலைக்காட்சியில் சிவப்பு எழுத்து. ஆனால் 1914-ல் திறந்து 2022 வரை ரயில் ஓடிய பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ-ஐத் தொட்டாலே சிக்னல் சிவப்புக்கு மாறியது, ரயில் நின்றது. அமெரிக்காவில் 'பிளிசர்ட்' என்று அறிவிக்க வேண்டிய காற்று வேகம் 56 கி.மீ. என்பது தனி வேடிக்கை. மூன்று மணி நேரமாவது அந்தக் காற்று நீடித்து, 400 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாமல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ஆக, பெயர் வைக்கும் அளவுக்கு ஒரு புயல் பெரிதாவதற்கு முன்பே, பாலத்துக்கு அந்தப் பக்கம் ராமேஸ்வரம் தீவுக்கு ரயில் நின்றுவிடுவது வழக்கமாக இருந்தது. நாங்கள் அடைபடுவது பெயரில்லாத காற்றில்தான் அதிகம்.

கரையில் அதற்கு முன்பே ஒன்று நடந்திருக்கும். பாம்பன் துறைமுக அலுவலகத்துக் கம்பத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருப்பார்கள். பகலில் கூம்பும் உருளையும் தொங்கும், இரவில் சிவப்பு விளக்கும் வெள்ளை விளக்கும். மொத்தம் 11 எண்கள். 1-ம், 2-ம் எண்கள் தொலைவில் எங்கோ ஒன்று உருவாகிறது என்பதற்கு. 3-ம், 4-ம் எண்கள் உள்ளூருக்கு எச்சரிக்கை. 5, 6, 7 வந்தால் ஆபத்து. 8, 9, 10 என்றால் பேராபத்து. 11 விசித்திரமானது: வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள்.

வெளியூர்க்காரர்கள் எண் கூடக் கூட ஆபத்து கூடுகிறது என்று மட்டும் நினைப்பார்கள். 5-க்கும் 6-க்கும் இருப்பது திசை வித்தியாசம். புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, நேராகவோ மிக அருகிலோ வந்தால் 7. அடுத்த மூன்றிலும் இதே வரிசை. ஏன் இடம் வலம் பார்க்க வேண்டும் என்பது காற்றின் சுழற்சியிலேயே இருக்கிறது. மேற்கு நோக்கிப் போகும் புயலுக்கு வலப்பக்கம் வடக்கு. அங்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும், கடலை ஊருக்குள் தள்ளும். இடப்பக்கத்தில் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும், தண்ணீரை வெளியே இழுக்கும். வடக்கே நாகப்பட்டினம் பக்கம் புயல் கரை ஏறும்போது எங்கள் பக்கம் கடல் உள்வாங்கிச் சேறு தெரிவதும், படகுகள் தரைதட்டிச் சாய்ந்து நிற்பதும் இதனால்தான். "கடல் உள்ளே போயிருச்சு, சுனாமி வரப்போகுது" என்று அன்றைக்கு வதந்தி கிளம்பும். வருஷா வருஷம் கிளம்பும்.

இதோடு எங்கள் கரைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எங்களுக்குக் கடல் ஒன்றல்லவே. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடக்கைப் பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் சொல்வது பழக்கம். பெண் கடல் ஆழமில்லாதது. பல இடங்களில் 10 மீட்டரைத் தாண்டாது. சாதாரண நாளில் குளம் மாதிரி கிடக்கும். ஆனால் ஆழம் குறைந்த கடலில்தான் காற்று தண்ணீரைச் சுலபமாகக் குவிக்கும். தட்டில் இருக்கும் ரசத்தை ஊதினால் விளிம்பைத் தாண்டும், சட்டியில் இருப்பதை ஊதினால் அசையாது. அந்த வித்தியாசம்தான். வாடை அடித்தால் வடகரை கொந்தளிக்கும், தென்கரை கொஞ்சம் அமைதியாக இருக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தலைகீழ். நாட்டுப்படகுக்காரர்கள் காலத்துக்கேற்பப் படகை ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குக் கொண்டுபோய்க் கட்டுவதைப் பார்த்துத்தான் நாங்கள் காற்றுப் பாடம் படித்தோம்.

தென்கடலில் பவளப்பாறைகளும் 21 தீவுகளும் அலைக்கு முன்னால் வேலி மாதிரி நிற்கின்றன. 21 என்பது பழைய கணக்கு. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் பல காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்ததுதான் பெரிய காரணம் என்கிறார்கள். அந்தக் கல்லில் கட்டிய சுவர்கள் இன்னும் பழைய தெருக்களில் இருக்கின்றன. வேலியைப் பிடுங்கித்தான் வீட்டைக் கட்டியிருக்கிறோம்.

சரி, எத்தனை நாள் அடைபடுவோம்? 2020 டிசம்பரில் வந்த புரெவியைப் போல இந்தக் கேள்விக்குப் பாடம் சொன்ன புயல் வேறில்லை. டிசம்பர் 2-ம் தேதி இரவு இலங்கையில் திரிகோணமலைப் பக்கம் கரை ஏறி, தீவைக் கடந்து, மறுநாள் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. பாம்பனைத் தாண்டி ஒரே மூச்சில் கேரளம் போய்விடும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அது ராமநாதபுரத்துக்கு ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவில் கடலிலேயே நின்றுவிட்டது. ஒரு நாளுக்கு மேல் நகரவே இல்லை. கரை ஏறாமலேயே அங்கேயே மெலிந்து கரைந்தது.

புயல் தானாக நடப்பதில்லை. தன்னைச் சுற்றி மேலே ஓடும் பெருங்காற்று தள்ளும் பக்கம்தான் போகும். அக்கம்பக்கத்தில் இரண்டு உயரழுத்தப் பகுதிகள் இருந்து, இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் தள்ளினால், நடுவில் மாட்டிய புயலுக்குப் போக்கிடம் இல்லை. காற்றில்லாத நேரத்தில் கண்மாயில் விட்ட காகிதக் கப்பல் மாதிரி நிற்கும். புரெவிக்கு நடந்தது அதுதான். வேடிக்கை என்னவென்றால், பக்கத்தில் நின்ற எங்களைவிடப் பெருமழை கொட்டியது வெகு தூரத்தில் இருக்கும் சிதம்பரம், கொள்ளிடம் பக்கம். கடலிலிருந்து ஈரக்காற்றை அந்தப் பக்கமாக அது இழுத்துக்கொண்டே இருந்தது.

அன்றைக்குத் தம்பி கூப்பிட்டான். இந்த முறை அவன் கேட்டான்.

"கரண்டு இருக்காம்மா?"

"ரெண்டு நாளாச்சுய்யா."

"புயலு எப்பக் கடக்குமாம்?"

"அது எங்க கடக்குது? விருந்தாளி மாதிரி வந்து உக்காந்துக்கிருச்சு."

செய்தியில் காற்றின் வேகம் 55, 65 என்று ஓடிக்கொண்டிருந்தது. கேட்பவர்களுக்கு அது ஒன்றும் பெரிய எண்ணாகத் தெரியாது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வந்து ஆறு மணி நேரத்தில் ஓடிப்போகும் புயல் கூரையைப் பிய்க்கும், மரத்தைச் சாய்க்கும்; மறுநாள் வெயில் அடிக்கும், ஆள் இறங்கி வேலை பார்க்கலாம். மெதுவாக நிற்கும் ஒன்று எதையும் பிய்ப்பதில்லை. வீட்டில் இருப்பதை ஒவ்வொன்றாகத் தீர்க்கும். நிவாரணக் கணக்கெடுப்பில் சாய்ந்த மரத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, தீர்ந்துபோன அரிசிக்கு இல்லை. இது என் பல வருஷத்து ஆதங்கம்.

அம்மாவின் முதல் கேள்விக்கு வருவோம். கரண்டு. கடற்கரை ஊர்களில் பலத்த மழைக்கு முன்னாலேயே, முதல் தூறலிலேயே கரண்டு போவதைக் கவனித்திருப்பீர்கள். "ரெண்டு சொட்டு விழுறதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டான்" என்று வாரியத்துக்காரரைத் திட்டுவோம். பல நேரம் அவர் ஆஃப் செய்திருக்க மாட்டார். நாள்கணக்காக அடிக்கும் கடற்காற்று மின்கம்பத்துப் பீங்கான் மேல் உப்பைப் படியவைக்கிறது. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. லேசான தூறலோ பனியோ பட்டதும் அது ஈர உப்பாக மாறி மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்துவிடும். நீலமாகப் பொறி பறக்கும், லைன் விழும். இருட்டில் கம்பத்தைப் பார்த்தால் 'ஸ்ஸ்' என்று சத்தம்கூடக் கேட்கும். நன்றாக அடித்துப் பெய்யும் மழை உப்பைக் கழுவிவிடுவதால், பெருமழைக்கு நடுவில் சில நேரம் கரண்டு திரும்பி வருவதும் உண்டு. காற்று பலமானால் கதை வேறு. அறுந்த கம்பியில் யாரும் அடிபடக்கூடாது என்று அவர்களே நிறுத்திவிடுவார்கள். அது சரியான முடிவுதான்.

கரண்டு போனால் போன் கோபுரம் சில மணி நேரம் பேட்டரியில் ஓடும், அப்புறம் டீசல். டீசல் கொண்டுவர ஆள் வரவேண்டும், ஆள் வர ரோடு வேண்டும். நிஜமான அடி விழுவது தண்ணீரில். ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் குடிநீர் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் வருகிறது. வழியெல்லாம் மோட்டார் வைத்துத் தள்ளுகிறார்கள். எங்கோ ஓரிடத்தில் மோட்டார் நின்றாலும் கடைசியில் இருக்கும் எங்கள் குழாயில் காற்றுதான் வரும். சுற்றிலும் தண்ணீர், வாசலில் முழங்காலளவு தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை.

ராமேஸ்வரம் தீவுக்கு இதில் ஒரு வரம் இருக்கிறது, அந்த வரத்திலேயே ஒரு வினையும் இருக்கிறது. தீவின் மணலுக்கடியில் மழைநீர், உப்புநீரின் மேல் ஆடை மாதிரி மிதக்கிறது. நல்ல தண்ணீர் லேசானது, கடல்நீர் கனமானது என்பதால் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை. தனுஷ்கோடியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டி ஊற்றுத் தண்ணீர் அள்ளுவதைப் பார்த்துச் சுற்றுலாக்காரர்கள் வியப்பார்கள். அந்த ஆடைதான் அது. கடல் ஒருமுறை மேலே ஏறிப் பாய்ந்துவிட்டால் ஆடை கிழிந்துவிடும். கிணறு உவர்ப்பாகும். பல மழை பெய்து கழுவினால்தான் பழைய ருசி திரும்பும்.

அதனால்தான் அம்மா கூண்டு ஏறியது என்று கேட்டதும் செய்யும் முதல் வேலை குடங்களைக் கழுவுவது. கடைக்கு ஓடுவதற்கு முன் குடம். சருவம், அண்டா, கடைசியில் பிரஷர் குக்கர் வரைக்கும் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவார். கிணற்றுக்கு மேல் தகரம் போட்டு நாலு கல் வைப்பார். அப்புறம்தான் மற்றதெல்லாம். மாடியில் காயும் சூடைக் கருவாட்டையும் நெத்திலியையும் அள்ளி ஓலைக்கொட்டானில் போட்டு, அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில் ஏற்றுவார். கீழே வைத்தால் இரண்டே நாளில் நமத்துப் பூசணம் பிடிக்கும். அடுப்பின் சூடும் புகையும் ஏறும் இடத்தில் ஒரு வாரம் தாங்கும். மழைநாளில் புளியும் குண்டு மிளகாயும் போட்டுக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது, தெருவில் நாலு வீட்டுக்கு ஒரே வாசனை வரும். எல்லா வீட்டிலும் அன்றைக்கு அதுதான். மீன் இருக்காது, காய்கறி லாரி வராது.

அடுப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பெரிய தொழில். வீட்டில் கரி கிடக்கும். சிலிண்டர் தீர்ந்த நாளில், குளிருகிறது என்று கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பைப் பற்றவைப்பவர்கள் உண்டு. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை, தூக்கம் வருவது மாதிரி இருக்கும், அப்படியே ஆளை முடித்துவிடும். ஜெனரேட்டரைத் திண்ணையில் வைப்பதும் அதே கதை. பனிப்புயலில் காரைச் சூடாக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள், புகைக்குழாயைப் பனி அடைத்துவிடுவதால் இதே வாயுவில் சாகிறார்கள். தம்பிக்கும் எங்களுக்கும் பொதுவான ஆபத்து என்று பார்த்தால் இது ஒன்றுதான். மற்றபடி அவன் வீடு வெளியே பூட்டப்பட்டு உள்ளே காய்ந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீரே வந்துவிடுகிறது, கூடவே பாம்பும்.

2024 நவம்பர் மழை அப்படித்தான் உள்ளே வந்தது. ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று சின்னச் சுற்றளவுக்குள், குறுகிய இடத்தில் குவிந்த மேகம் சில மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போனது. மேகவெடிப்பு என்றார்கள். மாவட்டத்தின் ஆண்டு மழையே ஏறக்குறைய 82 செ.மீ-தான், பாதி வருஷத்து மழை ஒரு பகலில். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 500 சதுர அடி மாடியில் 40 செ.மீ. பெய்தால் 18,000 லிட்டருக்கு மேல், அதாவது மூன்று தண்ணி லாரி. ஒவ்வொரு வீட்டு மாடியிலும் மூன்று லாரி. மணல் பூமிதானே, உறிஞ்சிவிடாதா என்று கேட்கலாம். கார்த்திகையில் மணல் ஏற்கெனவே நிறைந்திருக்கும். ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர் வரும். நிறைந்த பஞ்சு எதை உறிஞ்சும்? போதாததற்கு வாடையில் கடல் மட்டம் ஏறி நிற்பதால் கால்வாய் வழியே தண்ணீர் கடலுக்கு இறங்காது. ஊரணிகளில் பாதி வீட்டு மனையாகிவிட்டன. தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் போட்டிருப்பவர்கள் பாத்தி எது, பாதை எது என்று தெரியாமல் நின்றார்கள்.

அதற்கு முந்தைய வருஷம் டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அன்றைக்கும் பெயர் வைத்த புயல் எதுவும் இல்லை.

வீட்டிலேயே இருப்பது எப்போதும் சரிதானா? இந்தக் கேள்விக்கு எங்கள் கரையில் 1964 புயலைத் தொடாமல் யாரும் பதில் சொல்வதில்லை. டிசம்பர் 22-ம் தேதி நள்ளிரவு தனுஷ்கோடியில் ஏறிய கடல், சுமார் 7 மீட்டர் உயரம் என்கிறார்கள். பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும் இடத்தில் அப்படியே கடலோடு போனது. அதில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. தீவு அறுந்த தீவாகவே கிடந்தது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் ரயில்வே 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தது என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைதான். ஆனால் சாலைப் பாலம் அப்போது கிடையாது, அது 1988-ல்தான் வந்தது. அந்த 46 நாளும் தீவுக்காரர்களுக்குப் படகைத் தவிர வேறு வழியில்லை.

தனுஷ்கோடியில் வீட்டுக்குள் இருந்தவர்கள் செத்தார்கள், வெளியே ரயிலில் வந்தவர்களும் செத்தார்கள். மணல்மேட்டின் மேல் ஏறியவர்களில் சிலர் பிழைத்தார்கள். ராமேஸ்வரத்தில் கோயில் பிரகாரத்தில் ஒண்டியவர்கள் கதையைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கருங்கல், உயரம், கடலிலிருந்து கொஞ்சம் தூரம். இன்றைய பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையமும் இதே மூன்றைத்தான் கான்கிரீட்டில் தருகிறது. கடல் ஏறும் அபாயம் இருந்தால் வீட்டில் இருக்கக்கூடாது. வெறும் காற்றும் மழையும் என்றால் உறுதியான வீடே போதும். 6-ம் எண்ணா 5-ம் எண்ணா என்று பார்ப்பது இதற்குத்தான் உதவும்.

அப்படியும் மையத்துக்குப் போகச் சொன்னால் சனம் தயங்கும். அதிகாரிகள் இதை அறியாமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆட்டை எங்கே கட்டுவது? வலையை யார் பார்ப்பது? ஒரு வலைக்கு ஆகும் பணம் தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். வயசுப்பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு, முன்னூறு பேருக்கு ரெண்டு கழிப்பறை என்ற கணக்கும் தெரியும். ஆட்டுக்கு ஒரு கொட்டகையும் பெண்களுக்குத் தனி அறையும் இருந்தால் பாதிப் பேர் தாமே நடந்து வருவார்கள் என்பது என் எண்ணம்.

இப்போது அந்த நாலாவது கேள்வி: "பொழப்பு?"

தம்பி பனியில் மாட்டிய இரண்டு நாளும் மடிக்கணினியைத் திறந்து வேலை பார்த்தான், சம்பளம் பிடிக்கவில்லை. கூண்டு ஏறினால் எங்கள் ஊரில் மீன்வளத் துறை டோக்கன் கொடுப்பதை நிறுத்தும். டோக்கன் இல்லாமல் விசைப்படகு கிளம்ப முடியாது. ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் திங்கள், புதன், சனி என்று முறை வைத்திருப்பார்கள், இடைப்பட்ட நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஐந்து நாள் தடை என்றால் இரண்டு கடல் போச்சு. நம்மவர்கள் 'ரெண்டு கடல்' என்றுதான் சொல்வார்கள், இரண்டு தடவை என்று அர்த்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் ஏற்கெனவே கழிந்த வருஷத்தில் இது கூடுதல். விசைப்படகில் போகிறவர்களுக்குப் பங்குக் கூலி; படகு போகவில்லை என்றால் பங்கே இல்லை. தென்கடலில் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு டோக்கனும் கிடையாது, தடை அறிவிப்பும் கிடையாது. தண்ணீர் கலங்கினால் அடியில் கண் தெரியாது, அவ்வளவுதான். உப்பளத்தில் ஒரு மழை, தேங்கிய உப்பைக் கரைத்துவிடும். கரிமூட்டம் நனைந்தால் அணையும். குண்டு மிளகாய் நாற்று இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் அழுகும். இந்தக் கரையின் தொழில்களைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, மழைக்கு ஆகாததாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

அரசின் சேமிப்பு நிவாரணத் திட்டம் ஒன்று இருக்கிறது. மீனவர் ஆண்டுக்கு 1,500 ரூபாய் கட்டினால், மத்திய அரசும் மாநில அரசும் ஆளுக்கு 1,500 போட்டு 4,500 ஆகத் திருப்பித் தருவார்கள். நல்ல திட்டம். ஆனால் அந்தப் பணம் வரும் தேதிக்கும் அரிசி தீரும் தேதிக்கும் ஜாதகப் பொருத்தம் கிடையாது. இடையில் இருக்கும் நாட்களை வியாபாரியிடம் வாங்கும் முன்பணம் தாங்குகிறது. அந்த முன்பணத்துக்காக அடுத்த சீசன் மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கும். புரெவி நின்ற அந்த நாட்களின் கணக்கு எத்தனையோ வீடுகளில் சித்திரை வரைக்கும் நீண்டது.

கூண்டு இறங்கியதும் மறுநாளே கடலுக்குப் போய்விடலாம் என்று நினைத்துவிடக்கூடாது. காற்று நின்ற பிறகும் கடலின் மதமதப்பு அடங்க ஒன்றிரண்டு நாள் ஆகும். அந்த நேரத்தில் ஆண்கள் படகில் தேங்கிய தண்ணீரை இறைப்பார்கள், ஒன்றோடொன்று மோதிப் பிளந்த பலகையைத் தடவிப் பார்ப்பார்கள். பெண்கள் மணலைக் கூட்டுவார்கள். சன்னல் இடுக்கு, அரிசிப் பானை மூடி, சாமி படத்துக் கண்ணாடி என்று எங்கே பார்த்தாலும் பொடி மணல் ஒட்டியிருக்கும். அம்மா பரணிலிருந்து கொட்டானை இறக்கிக் கருவாட்டை மோந்து பார்த்து, நெத்திலியில் பாதியைக் கோழிக்குப் போட்டார். மீதியை மாடியில் பரப்பினார். கிணற்றுத் தகரத்தை விலக்கி ஒரு வாளி இறைத்து, ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினார்.

"உப்பு ஏறல" என்றார்.